கப்பல் பயணத்தில் டிப்ஸ்: ஒரு நாளைக்கு ஆளுக்கு 18 டொலரா?

நிலாவின்_அப்பா | பெப்ரவரி 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து நாலு இரவு கப்பல் பயணம் பதிந்திருக்கிறோம். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புவது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் (மூத்தவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு நாலு). கொள்ளுப்பிட்டியில் ஒரு பயண முகவர் மூலம் பதிந்தோம். "சாப்பாடு, அறை, ஷோ எல்லாம் காசுக்குள்ளேயே வந்துவிடும் சேர், கையை வீசிக்கொண்டு போங்கோ" என்றார்கள்.

நேற்று விபரமெல்லாம் மின்னஞ்சலில் வந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டொலர் 'கிராஜுவிட்டி' உங்கள் கப்பல் கணக்கில் சேரும். முகவருக்கு போன் எடுத்தால், "அது டிப்ஸ் சேர், உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்.

நான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். 18 டொலர், நாலு பேர், நாலு இரவு: 288 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 86,400 ரூபா. டிப்ஸுக்கு! நாலு வயதுக்காரிக்கும் சேர்த்து. அவள் மூன்று நேரமும் வெறும் நூடில்ஸ் சாப்பிடுகிறவள்.

இது கட்டாயமா? யார் கைக்குப் போகிறது? இதைக் கட்டிய பிறகும் கையில் ஏதாவது கொடுக்க வேண்டுமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கோ.

லக்ஷி_வெள்ளவத்தை | பெப்ரவரி 3, இரவு 10.15

அண்ணா, பிள்ளைகளுக்கும் உண்டு. கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். கார்னிவலில் இரண்டு வயதுக்குக் கீழே இல்லை, நோர்வீஜியனில் மூன்றுக்குக் கீழே இல்லை. உங்கள் மகள் எதிலும் தப்பமாட்டாள் :)

18 என்பது அதிகமில்லை, இப்போது நடக்கிற விலைதான். ராயல் கரீபியனில் 2024 கடைசியிலிருந்து சாதாரண அறைக்கு 18.50, சூட் என்கிற பெரிய விலை அறை என்றால் 21. நோர்வீஜியனில் அதற்கு முன்பே 20 ஆகிவிட்டது.

எதிர்ப்பாட்டு | பெப்ரவரி 3, இரவு 11.02

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? பெரும்பாலான கப்பல்களில் இது கட்டாயமில்லை. ஏறிய பிறகு கெஸ்ட் சேர்விஸ் கவுண்டரில் போய் "எடுத்துவிடுங்கள்" என்றால் எடுப்பார்கள். ஒரு படிவம், இரண்டு நிமிட வேலை. டிப்ஸ் என்பது மனம் வந்து கொடுப்பது. வேலை செய்யும் முன்பே பில்லில் ஏறுவதற்குப் பெயர் டிப்ஸ் இல்லை. உங்களுக்குப் பிடித்தவருக்குக் கையில் கொடுங்கள், மிச்சத்தில் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரில் ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

காலிவீதி_மாமா | பெப்ரவரி 4, காலை 6.20

தம்பி நிலாவின் அப்பா, அவசரப்பட்டு அந்தக் கவுண்டருக்குப் போகவேண்டாம்.

கோட்டைப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருசம் காசாளராக இருந்தவன் நான். நாங்கள் எல்லோரும் கொழும்பில் சாப்பிடப் போகிறோம்தானே. பில்லின் அடியில் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் போட்டு, அதற்கு மேலே 18 வீதம் வற் வரியும் போடுவார்கள். யாராவது காசாளரிடம் வந்து "இந்தப் பத்து வீதத்தை எடுத்துவிடு" என்று கேட்டிருக்கிறீர்களா? என் முப்பது வருசத்தில் கேட்டவர்களை ஒரு கையில் எண்ணலாம்.

அந்தப் பத்து வீதம் என்ன ஆகிறது தெரியுமா? ஒரு பொதுக் கணக்கில் விழும். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை பொயின்ட் என்று இருக்கும். வெயிட்டருக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, துணி துவைக்கிற இடத்தில் நிற்கிறவருக்கு இவ்வளவு. மாதக் கடைசியில் மொத்தத் தொகையைப் பொயின்ட்டால் வகுத்துப் பிரிப்போம். சுற்றுலாப் பயணிகள் நிறைந்த டிசம்பர், ஜனவரியில் அது அடிப்படைச் சம்பளத்தையே தாண்டிப் போகும். பிள்ளையின் டியூஷன், வீட்டு வாடகை, சீட்டுக் காசு எல்லாம் அதை நம்பித்தான். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்த பிறகு ஹோட்டல்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த மே மாதச் சம்பளத்தில் சேர்விஸ் சார்ஜ் என்ற வரியில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு பூச்சியம் விட்டுப்போச்சுதோ?" என்று அறை சுத்தம் செய்கிற பெடியன் ஒருவன் என் ஜன்னலில் வந்து கேட்டான். விட்டுப்போகவில்லை.

கப்பலில் உள்ளதும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். அறை சுத்தம் செய்பவர், சாப்பாட்டு மேசையில் நிற்பவர், அவருக்கு உதவியாள், பல கப்பல்களில் சமையலறை, சலவைப் பகுதி ஆட்கள்வரை அதில் பங்கு. கப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் இயந்திர அறைக்கும் இது போகாது, அவர்கள் சம்பளக்காரர்கள்.

முந்தி இப்படி இல்லை. கடைசி இரவு அறையில் வெற்று உறைகள் வைப்பார்கள். அறைக்காரருக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று, தலைமை வெயிட்டருக்கு ஒன்று. காசைப் போட்டுக் கையில் கொடுக்கவேண்டும். கொடுக்க மனமில்லாதவர்கள் கடைசி இரவு சாப்பாட்டுக்கே வரமாட்டார்களாம்! பிறகு 2000-ஆம் ஆண்டில் நோர்வீஜியன் கம்பனி, எந்த நேரத்திலும் எந்த மேசையிலும் சாப்பிடலாம் என்று கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வெயிட்டர் என்றால் யாருக்கு உறை கொடுப்பது? அதனால்தான் நாள் கணக்கில் பிடிக்கிற முறை பரவியது.

எதிர்ப்பாட்டு | பெப்ரவரி 4, காலை 8.45

மாமா, மதிப்போடு சொல்கிறேன், உங்கள் உதாரணத்தில் ஒரு ஓட்டை. ஹோட்டல் பில்லில் 10 வீதம் நான் சாப்பிட்டதற்கு. கொத்து ரொட்டி மட்டும் சாப்பிட்டால் கொத்து ரொட்டிக்குத்தான் பத்து வீதம். கப்பலில் தலைக்கு இவ்வளவு. நிலா நூடில்ஸ் சாப்பிட்டாலும் 18, தகப்பன் இறால் சாப்பிட்டாலும் 18. அதோடு, ஒழுங்கான சம்பளம் கொடுக்கவேண்டியது கம்பனி. கப்பலில் பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ மோல்டா கொடியோ பறக்கவிட்டு, அந்த நாட்டுக் கப்பலாகப் பதிந்து, அமெரிக்கச் சம்பளச் சட்டம் தொடாத இடத்தில் நின்றுகொண்டு, மிச்சத்தை என் தலையில் கட்டுகிறார்கள். விளம்பரத்தில் குறைந்த விலை, கடைசிப் பக்கத்தில் டிப்ஸ். நான் கோபப்படுவது தொழிலாளியிடம் இல்லை.

தெஹிவளை_ராணி | பெப்ரவரி 4, பிற்பகல் 1.30

எதிர்ப்பாட்டுத் தம்பி, கோபம் கம்பனியிடம், ஆனால் வெட்டு என் தம்பிக்கு விழுகிறது. அதுதான் பிரச்சினை.

என் கடைசித் தம்பி ஆறு வருசமாகக் கப்பலில் கேபின் ஸ்டூவர்ட், அறை சுத்தம் செய்கிறவன். ஒருமுறை ஏறினால் எட்டு மாதம். வார விடுமுறை என்ற சொல்லே அங்கே இல்லை. கடல் தொழிலாளர்களுக்கு என்று சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2013-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் ஓய்வு கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். மறுபக்கம் திருப்பிப் பார்த்தால், 14 மணித்தியாலம் வேலை வாங்கலாம் என்று அர்த்தம்.

அவனுக்கு 16 அறைகள். சாதாரண நாளில் காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. ஆட்கள் மாறும் நாள்தான் கொடுமை. காலை ஒன்பதுக்குப் பழையவர்கள் இறங்கி முடிப்பார்கள், பின்னேரத்துக்குள் புதியவர்கள் அறைக்குள் நிற்பார்கள். இடையில் 16 அறையிலும் விரிப்பு, துவாய், கழிப்பறை, தூசு. அன்றைக்கு இரவு எனக்கு வொய்ஸ் அனுப்பினால் பின்னாலே கப்பல் இயந்திரத்தின் ஹும் சத்தமும் அவன் கொட்டாவியும்தான் கேட்கும். அப்படி இருந்தும் பிள்ளைகள் உள்ள அறை என்றால் துவாயை மடித்துக் குரங்கு, யானை செய்து தொங்கவிடுவான். அது யாரும் சொல்லிச் செய்கிற வேலை இல்லை என்று நினைத்தேன். பயிற்சியிலேயே பழக்குவார்களாம், நன்றாகச் செய்தால் பெயர் வருமாம்.

டிப்ஸை யார் எடுத்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. மாதக் கணக்கில் தொகை குறைந்திருந்தால் மட்டும் தெரியும். இன்னொன்று முக்கியம்: சில கம்பனிகளில், நாள் டிப்ஸை நீக்கிய பயணி கையில் கொடுத்த காசை ஊழியர் பொதுப் பெட்டியில் போடவேண்டும் என்று விதி. எடுத்துவிட்டு "உனக்கு மட்டும்" என்று அவன் கையில் 20 டொலர் வைத்தாலும் அது அவனுக்கு மட்டும் ஆகாது. நாள் டிப்ஸை எடுக்காமல் அப்படியே விட்டு, அதற்கு மேலே கொடுத்தால் அது முழுக்க அவனுடையது.

ஒரு சிரிப்பும் சொல்கிறேன். போன வருசம் நம்மூர் ஆட்கள் சிலர் அவனுடைய பக்கத்தில் வந்தார்களாம். இலங்கைப் பெடியன் என்று தெரிந்ததும் சந்தோசம். கடைசி நாள் மேசையில் நன்றிக் கடிதமும் ஒரு பாதி பிஸ்கட் பக்கற்றும் நாலு பத்து ரூபா நாணயக் குத்தியும். நடுக்கடலில்! "அக்கா, நம்மட காசைக் கண்டு எவ்வளவு நாள்" என்றான். இன்னும் வைத்திருக்கிறான்.

மெல்பேர்ண்_மச்சான் | பெப்ரவரி 4, பிற்பகல் 3.10

இங்கே அவுஸ்திரேலியாவிலிருந்து புறப்படுகிற பல கப்பல்களில் டிப்ஸை விலைக்குள்ளேயே சேர்த்துத்தான் விற்கிறார்கள். இங்குள்ள ஆட்களுக்கு டிப்ஸ் பழக்கம் குறைவு, தனியாகக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். இங்கிலாந்தின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதத்திலிருந்து நாள் டிப்ஸையே நிறுத்திவிட்டது. அதற்கு முன் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 பவுண் இருந்தது. சில்வர்சீ, ரீஜன்ட், சீபோர்ன் போன்ற பெரிய விலைக் கப்பல்களிலும் தனியாக இல்லை. ஆக, எதிர்ப்பாட்டு சொல்வது நடக்காத காரியமில்லை. செய்ய விரும்பினால் செய்யலாம்.

எதிர்ப்பாட்டு | பெப்ரவரி 4, பிற்பகல் 3.25

நன்றி மச்சான். இதைத்தான் சொல்கிறேன். முகவர் முதல் நாளே 86,400-ஐயும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

காலிவீதி_மாமா | பெப்ரவரி 4, மாலை 5.00

அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முகவரில் பிழை. கப்பல் விலையைக் கேட்கும்போதே "துறைமுக வரி, நாள் டிப்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். விலை பேசும்போது டிப்ஸ் இல்லை என்று நினைத்து, ஏறிய பிறகு தொழிலாளியின் பங்கில் மிச்சம் பிடிப்பது வேறு விசயம்.

கொச்சிக்கடைக்காரன் | பெப்ரவரி 4, இரவு 8.50

நான் மறுகரை ஆள். கொழும்புத் துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பல் வரும் நாட்களில் வேன் ஓடுகிறேன், வழிகாட்டி வேலையும் செய்வேன். கங்காராமை, சுதந்திர சதுக்கம், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், காலிமுகத்திடல், ஒரு தேயிலைக் கடை, திரும்பக் கப்பல். ஐந்து மணித்தியாலம்.

வெள்ளைக்காரர் பலர் நினைப்பது, கப்பலில் கட்டின டிப்ஸில் எங்களுக்கும் சேர்ந்து வருகிறது என்று. வராது. கரையில் ஓடுகிறவன் கணக்கு வேறு. நிலாவின் அப்பா, பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கி வாகனம் பிடித்தால் அவனுக்குத் தனியாகத்தான்.

அடுத்தது, தயவுசெய்து வெளிநாட்டுக் குத்தி கொடுக்காதீர்கள். கப்பலிலும் சரி கரையிலும் சரி. எனக்கு ஐரோப்பியர் இரண்டு யூரோ, ஒரு யூரோக் குத்திகளைக் கைநிறையக் கொட்டிவிட்டுப் போவார்கள். வங்கியும் எடுக்காது, சத்தம் வீதியில் காசு மாற்றுகிறவனும் எடுக்கமாட்டான், தாள் மட்டும்தான். என் வேன் டாஷ்போர்டில் ஒரு பழைய மாமைட் போத்தல் இருக்கிறது. அதில் சேர்த்துவைத்து, அடுத்த கப்பலில் வருகிற ஜேர்மன்காரரிடம் "சேர், இருபது யூரோக் குத்தி இருக்கு, ஒரு தாள் தருவீங்களா" என்று கேட்பேன். நல்ல மனிசர் மாற்றித் தருவார்கள். சிலர் பிச்சை கேட்கிறேன் என்று நினைத்து இன்னொரு குத்தி தந்துவிட்டுப் போவார்கள். போத்தல் இன்னும் நிறையும்.

புதுச்செட்டித்தெரு_ரவி | பெப்ரவரி 4, இரவு 9.30

ராணி அக்கா, உங்கள் தம்பி எந்த ஏஜென்ட் மூலம் போனார்? எவ்வளவு கட்டினார்? எனக்கும் ஹோட்டலில் நாலு வருச அனுபவம் இருக்கிறது.

தெஹிவளை_ராணி | பெப்ரவரி 4, இரவு 9.50

ரவித் தம்பி, தனிச்செய்தியில் எழுதுகிறேன். ஒன்று மட்டும் இங்கேயே சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும். கப்பல் வேலை எடுத்துத் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அந்த உடன்படிக்கையிலேயே இருக்கிறது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ் போன்ற சில செலவு மட்டும் நம்முடையது. இலட்சக் கணக்கில் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

மட்டுறுத்துநர் | பெப்ரவரி 4, இரவு 10.05

வேலைவாய்ப்புக் கேள்விகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே டிப்ஸ் மட்டும்.

நிலாவின்_அப்பா | பெப்ரவரி 5, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கு முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். "ஹோட்டலில் பத்து வீதம் பேசாமல் கட்டுகிற மனிசன் கப்பலில் போய் வரிசையில் நிற்கப் போறீங்களோ" என்றாள். சரி, நாள் டிப்ஸை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுகிறோம். மேலதிகமாகக் கையில் எவ்வளவு கொடுப்பது? எந்தக் காசு? எப்போது?

லக்ஷி_வெள்ளவத்தை | பெப்ரவரி 5, இரவு 10.00

நாங்கள் போன வருசம் அறைக்காரருக்கு 20 டொலர், ஒரே மேசையில் ஒவ்வொரு இரவும் நின்ற வெயிட்டருக்கு 10. கட்டாயமில்லை, பலர் கொடுப்பதே இல்லை. அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் ஒன்றோ இரண்டோ டொலர். பாரில் ஒன்றும் வேண்டாம், ஏனென்றால் அங்கே குடிபானம் ஒவ்வொன்றிலும் 18 தொடக்கம் 20 வீதம் ஏற்கெனவே ஏறிவிடும். பிள்ளைகள் கேட்கிற சோடாவுக்கும்தான் அண்ணா! 4 டொலர் சோடா 4.72 ஆகிக் கையெழுத்துக்கு வரும். அந்தத் துண்டில் 'மேலதிக டிப்ஸ்' என்று ஒரு வெற்றிடமும் இருக்கும், தெரியாமல் திரும்பவும் எழுதிவிடாதீர்கள். நான் இரண்டு நாள் எழுதினேன். மசாஜுக்குப் போனாலும் இதே கதை.

கொச்சிக்கடைக்காரன் | பெப்ரவரி 5, இரவு 10.20

டொலர் தாள்தான். இங்கே மாற்றும்போது நூறு டொலர்த் தாளாகத்தான் நீட்டுவார்கள். ஐந்து, பத்து வேண்டும் என்று முதலே சொல்லி வையுங்கள், ஒரு நாளில் கிடைக்காது. கிழிசல், பேனாக் கீறல் உள்ளதை வாங்காதீர்கள், உங்களிடமிருந்து வாங்குகிறவன் மாற்றப் படாத பாடு படுவான்.

தெஹிவளை_ராணி | பெப்ரவரி 6, காலை 7.10

தம்பியிடம் கேட்டேன். முதல் நாளே கொடுத்தால் ஐஸ், மேலதிகத் தலையணை எல்லாம் ஓடி வருமாம் என்று பலர் நினைக்கிறார்கள், கொடுக்காவிட்டாலும் கொண்டுவரத்தான் வேண்டும் என்கிறான் (சிரிக்கிறான்). கடைசி இரவு கொடுப்பதே வழக்கம். கடைசிக் காலை மட்டும் வேண்டாம், அவன் எந்த அறைக்குள் தலைகீழாக நிற்பான் என்று யாருக்கும் தெரியாது. கையில் கொடுங்கள், மேசையில் வைத்தால் மறந்துபோன காசா, தந்த காசா என்று அவர்களுக்குப் பயம்.

காசைவிட இன்னொன்று கேட்டான். பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு கருத்துக்கணிப்பு வரும். அதில் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லுங்கோ அக்கா என்றான். அடுத்த பதவிக்கு அது பார்ப்பார்களாம். பெயர் அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாளில் மறந்துபோகும்.

காலிவீதி_மாமா | பெப்ரவரி 6, காலை 7.45

ஒரு சின்ன விசயம். கப்பலில் ஏறும்போது கணக்குக்கு ஒரு கார்ட் கேட்பார்கள். டெபிட் கார்ட் கொடுக்காதீர்கள். கப்பல்காரர் அவ்வப்போது ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், அது விடுபட நாளாகும், அதுவரை உங்கள் கணக்கில் காசு இருந்தும் இல்லாத மாதிரி. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நிலாவின்_அப்பா | ஏப்ரல் 22, இரவு 8.30

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்கு முழுக் கணக்கும் இதோ.

நாள் டிப்ஸ் 288 டொலர், தொடவில்லை. மூன்றாம் நாள் கெஸ்ட் சேர்விஸ் கவுண்டரில் பிள்ளையின் கார்ட் தொலைந்து போனதற்காக நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் டிப்ஸை எடுக்கத்தான் வந்திருந்தார்கள். கவுண்டர்ப் பிள்ளை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, தாளை நீட்டினாள், கையெழுத்து வாங்கினாள்.

எங்கள் அறைக்காரர் இந்தோனேசியர். இரண்டாம் நாள் துவாய்க் குரங்கைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு, அதற்கு நிலாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தார். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்ததில் காலையில் வெறும் துவாயாகிவிட்டது. அழுகை. அன்று பின்னேரம் இரண்டு குரங்கு வந்தது. கடைசி இரவு 20 டொலரை அவள் கையால் கொடுக்க வைத்தோம். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வெயிட்டருக்கு 10. புக்கெட்டில் வாகனக்காரருக்குத் தாய்லாந்துக் காசாகவே கொடுத்தோம். கருத்துக்கணிப்பு வந்தது, அறைக்காரரின் பெயரும் வெயிட்டரின் பெயரும் எழுதிவிட்டேன்.

என்னைக் கவிழ்த்தது டிப்ஸ் இல்லை. மூத்தவன் நாலு நாளில் 19 சோடா குடித்திருக்கிறான். ஒவ்வொன்றும் 18 வீதத்தோடு. லக்ஷி சொல்லியும் நான் கவனிக்கவில்லை.

முகவரிடம் நேரில் போய்ச் சொன்னேன், அடுத்த ஆளுக்காவது முதலே கூட்டிச் சொல்லுங்கோ என்று. தலையாட்டினார். சுவரில் புதிதாக ஒட்டியிருந்த விளம்பரத்தில் அதே பழைய விலைதான் இருந்தது.

எதிர்ப்பாட்டு | ஏப்ரல் 22, இரவு 9.05

19 சோடாவா! பெடியன் கெட்டிக்காரன்.

ஒரு கேள்வி, யாரும் சிரிக்கக்கூடாது. டிசம்பருக்கு அம்மா அப்பாவோடு நாங்களும் பதியலாம் என்று இருக்கிறோம். நாள் டிப்ஸை முன்கூட்டியே கட்டினால் ஏதாவது குறைப்பார்களா?

லக்ஷி_வெள்ளவத்தை | ஏப்ரல் 22, இரவு 9.20

குறைக்கமாட்டார்கள். ஆனால் இடையில் விலை கூட்டினால், முதலே கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் பழைய விலைதான். இப்போதே கட்டிவிடுங்கள். (சிரிக்கவில்லை.)